சாவுச் சேதியை வாட்ஸ்அப்பில் சொல்லலாமா? உங்கள் வீடுகளில் எப்படி?

ஜவ்வாது_மகள் (கேள்வி)

வணக்கம். நான் ஜவ்வாது மலைக்காரி. ஜமுனாமரத்தூரில் பஸ் இறங்கி இன்னும் 9 கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் ஊர். மலையாளி பழங்குடி. கேரளத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை, பச்சமலை என்று இந்த மலைகளில் இருக்கிற நாங்கள் பேசுவது தமிழ்தான். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, நர்சிங் முடித்து, இப்போது வேலூரில் வேலை பார்க்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெரிய மனக்கசப்பு வந்துவிட்டது. வெளியே யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவர் அத்தை, கடைக்குட்டி சித்தப்பா. அப்பா 2019இல் தவறிவிட்டார். போன வியாழக்கிழமை விடியற்காலையில் அத்தையும் போய்விட்டார். ராத்திரி களி சாப்பிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை.

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி கொடுத்த பழைய போன் ஒன்று வைத்திருந்தார், மேல் மூலையில் கண்ணாடி கீறியிருக்கும். அதில் அவருக்குத் தெரிந்தது இரண்டே வேலை. வேண்டியவர் முகத்தைத் தொடுவது, மைக்கை அழுத்திப் பிடித்துப் பேசுவது. நான் நர்ஸ் உடுப்பில் நிற்கிற படம், சித்தப்பா காளையோடு நிற்கிற படம், இப்படித்தான் எங்களை அவர் கண்டுபிடிப்பார். ஒரு தடவை நான் பொங்கலுக்குக் கோலப் படத்தை வைத்துவிட்டேன். இரண்டு வாரம் அத்தையிடம் இருந்து ஒரு சத்தமும் இல்லை. ஊருக்குப் போனபோது, "உன்னைத் தேடித் தேடிப் பார்த்தேன், நீ போன்ல இல்லவே இல்லையே" என்றார். அன்றைக்கே பழைய படத்தை வைத்தேன். இன்று வரை மாற்றவில்லை.

ஊருக்குள் சிக்னல் கிடையாது. மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறினால்தான் கிடைக்கும். அத்தை திண்ணையில் உட்கார்ந்து பேசி வைத்துவிட்டு, ஆடு ஓட்டிப் போகிற பையனிடம் போனைக் கொடுத்து அனுப்புவார். பாறைக்குப் போனதும் எல்லாம் மொத்தமாகக் கிளம்பும். எனக்கு இங்கே ஏழெட்டு ஒரே நேரத்தில் வரும். விரல் நழுவினால் பேச்சு பாதியில் நின்றுவிடும், அடுத்ததில் தொடரும். பின்னால் சேவல் கூவும். சாமை இடிக்கிற சத்தம் கேட்கும். நைட் டியூட்டி முடிந்து பஸ்சில் வரும்போது காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வருவேன். இப்போதும் என் போனில் 41 இருக்கிறது.

சித்தப்பா பொங்கல் முடிந்ததும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு குடகுக்குப் போவார். முதலில் காபி பறிப்பு, அப்புறம் மிளகு பறிப்பு. சித்திரைக்குத்தான் திரும்புவார். அங்கே எஸ்டேட் ஆட்கள் தங்குகிற லைன் வீட்டிலும் சிக்னல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அரிசி பருப்பு வாங்க டவுனுக்கு வரும்போதுதான் அவர் போனுக்கு உயிர் வரும்.

வியாழக்கிழமை என் அண்ணன் சித்தப்பாவுக்கு மூன்று தடவை போன் போட்டிருக்கிறான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. அவனுக்குப் பந்தல், குழி, சொந்தக்காரர் என்று ஆயிரம் வேலை. அத்தை படத்தில் மாலை போட்டு, விளக்கு வைத்து, "கண்ணீர் அஞ்சலி" என்று ஒரு போஸ்டர் செய்து, 23 பேர் இருக்கிற குடும்ப குரூப்பில் போட்டுவிட்டான். சாயங்காலம் அடக்கம் ஆகிவிட்டது. இறந்தவருக்குப் பிறந்த வீட்டார் போடுகிற புதுத்துணியை, அதாவது கோடியை, சித்தப்பாவுக்குப் பதில் அண்ணனே போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா டவுனுக்கு வந்து போனைத் திறந்தார். முதலில் வந்தது அத்தை செவ்வாய்க்கிழமை அவருக்குப் பேசி அனுப்பியது. "மிளகு எப்ப முடியும்? சாமை இடிச்சு வச்சிருக்கேன், வந்தா வாங்கிட்டுப் போ, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லாத, குறைச்சலா இருக்கு" என்று. அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார், பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அடுத்து குரூப்பைத் தொட்டிருக்கிறார். மாலை போட்ட படம். அதற்குக் கீழே 30 கும்பிடு.

சித்தப்பா குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார். அண்ணன் போன் போட்டால் எடுப்பதில்லை. சித்தியிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்: "எங்க அக்காவுக்குக் கோடி போட என்னை ஆள் விட்டுக் கூப்பிடலையே. என்னையும் அந்த 23 பேர்ல ஒருத்தனா ஆக்கிட்டானே."

எங்கள் ஊரில் முன்பெல்லாம் சாவு என்றால் ஆள்தான் போகும். மழையோ இருட்டோ, மலை தாண்டிப் போய் வாசலில் நின்று சொல்லுவார்கள். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் குடகுக்கு ஆள் அனுப்பி, அவர் வந்து சேரும் வரை உடலை வைத்திருக்க முடியுமா என்று அண்ணன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அவனும் அழுகிறான். அத்தை மடியில் வளர்ந்தவன் அவன்.

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று சொல்லி 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது, இறந்தவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் வேலைக்குப் போன ஆண்கள் இருந்த எல்லா வீட்டுப் பெண்களும் ஒரே ஒரு டிவி முன்னால் நின்றார்கள். யாருக்கு யார் சொல்வது என்றே தெரியாமல் நின்றார்கள். எங்கள் ஊர் ஆட்கள் பிழைத்தார்கள். ஆனால் படத்தில் பார்த்துச் சாவைத் தெரிந்துகொள்வது என்றால் எங்களுக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். சித்தப்பாவும் அன்று வெளியூரில்தான் இருந்தார்.

இப்போது என் கேள்வி. உங்கள் வீடுகளில், வேலைக்கு வெளியே போனவர்களுக்கு இந்த மாதிரி சேதியை எப்படிச் சொல்கிறீர்கள்? அண்ணன் இதை எப்படிச் சரி செய்வது? 16ஆம் நாள் கருமாதி வருகிறது. சித்தப்பா இல்லாமல் நடத்த எனக்கு மனமே இல்லை.

அந்த 41 பேச்சையும் அழியாமல் வைக்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பந்தலூர்_அக்கா

தங்கச்சி, படித்துவிட்டு வேலையே ஓடவில்லை. நான் கூடலூர்ப் பக்கம், பணியர். கிராம சுகாதாரப் பணியாளராக 12 வருஷம் ஆகிறது.

எங்கள் கதையைக் கேள். என் தங்கையை வயநாட்டில் கட்டிக்கொடுத்தோம். பஸ்சில் போனால் இரண்டு மணி நேரம், ஆனால் நடுவில் மாநில எல்லை. எங்கள் பணிய பாஷைக்கு எழுத்து கிடையாது. இங்கே என் பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள், அங்கே தங்கை பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கிறார்கள். பெரியம்மா பிள்ளையும் சித்தி பிள்ளையும் ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பும் வசதி வந்த பிறகுதான் அவர்கள் எங்கள் பாஷையிலேயே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் கல்யாணத்தில் பார்த்தால் வெட்கப்பட்டு நிற்பார்கள். அதனால் போனை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் சாவுச் சேதிக்கு நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வெளியூர் வேலைக்கு யார் கிளம்பினாலும், அவர் நம்பர் மட்டும் வாங்க மாட்டோம். அவர் பக்கத்தில் யார் இருப்பார்கள், அவர்கள் நம்பர் என்ன என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வோம். எஸ்டேட் ரைட்டர் (கணக்கு எழுதுபவர்), மேஸ்திரி, கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. ஒன்று நடந்தால் அந்த ஆளுக்குப் போன் போட்டு, "நீங்கள் அவரிடம் நடந்து போங்கள், அவரை உட்கார வையுங்கள், அப்புறம் போனைக் கொடுங்கள், நாங்கள் சொல்கிறோம்" என்போம். அவர் கேட்ட பிறகுதான் குரூப்பில் போடுவோம். இதற்கு முன் ஒரு தடவை எங்கள் குடியிருப்பிலேயே (பாடி என்போம்) உங்கள் வீட்டில் நடந்தது போல நடந்தது. அதற்கப்புறம்தான் அந்த நோட்டு வந்தது.

சித்தப்பா கோபத்தில் இருக்கிறார் என்று நினைக்காதே. அவர் இன்னும் அழவில்லை, அவ்வளவுதான்.

சர்வீஸ்காரன்_போளூர்

சகோதரி, முதலில் ஆழ்ந்த வருத்தங்கள். எனக்குத் தெரிந்தது போன்தான், அதைச் சொல்கிறேன்.

அத்தையின் பேச்சுகளைக் காப்பது அவசரம், இன்றே செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் பைல் மேனேஜரில் வாட்ஸ்அப் மீடியாவுக்குள் வாய்ஸ் நோட்ஸ் என்று ஒரு போல்டர் இருக்கும். எல்லாம் அங்கே இருக்கும், ஆனால் யாருடையது என்று பெயர் இருக்காது. அதனால் அத்தையோடு பேசிய சாட்டைத் திறந்து, ஒவ்வொரு பேச்சாக அழுத்திப் பிடித்து, ஷேர் கொடுத்து உங்கள் மெயிலுக்கோ டிரைவுக்கோ அனுப்புங்கள். தேதியைப் பெயராக வையுங்கள். 41 என்றால் ஒரு மணி நேர வேலை. ஒரு மெமரி கார்டிலும் போட்டு வீட்டில் வையுங்கள். போனை மாற்றும்போது பேக்கப் எடுத்தேன், வரவில்லை என்று என் கடைக்கு வாரம் ஒருவராவது வருகிறார்கள்.

அத்தை சிம்மை யாராவது ரீசார்ஜ் செய்து வைத்திருப்பது நல்லது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லை என்றால் சிம் முடக்கப்படலாம், அப்புறம் அந்த நம்பர் வேறு யாருக்காவது போகும். ஒரு நாள் அத்தை பெயரில் ஒரு அந்நிய முகம் தெரிந்தால் தாங்க முடியாது. என் அம்மா நம்பரில் எனக்கு அது நடந்தது.

சேதி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க: குரூப்பில் நாம் போட்டதை அழுத்திப் பிடித்து இன்போ பார்த்தால், யாருக்குச் சேர்ந்தது, யார் பார்த்தார்கள் என்று பெயர் பெயராகக் காட்டும். போன் அணைந்திருந்தால் சேதி 30 நாள் வரை சர்வரில் காத்திருக்கும், திறந்த நிமிஷத்தில் வந்து விழும். உங்கள் சித்தப்பாவுக்கு நடந்தது அதுதான். செவ்வாய்க்கிழமைக் குரலும் வியாழக்கிழமைப் படமும் ஒன்றாக வந்தது யார் தப்பும் கிடையாது.

திருப்பூர்வாசி

அண்ணன் பக்கமும் ஒருவர் பேச வேண்டும் என்று எழுதுகிறேன். நான் இருளர், சத்தியமங்கலத்துக்கு மேலே எங்கள் ஊர். 2020 ஏப்ரலில் ஊரடங்கில் திருப்பூரில் மாட்டிக்கொண்டேன். அப்பா இறந்துவிட்டார். பஸ் இல்லை, பாஸ் கிடைக்கவில்லை. என் மச்சான் ஒரு மரத்தடியில் சிக்னல் பிடித்து, வீடியோ காலில் அடக்கத்தைக் காட்டினான். கை வலிக்க வலிக்க 40 நிமிஷம் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். படம் நின்று நின்றுதான் வந்தது. மண் போடும்போது நான் இங்கே அறைக்குள் நின்று கையை நீட்டினேன்.

அது இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இன்றைக்கும் அப்பா ஊரில் இருப்பது மாதிரியே இருந்திருக்கும். அதனால் போனில் வந்தால் மரியாதை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். என் மச்சான் எனக்காக நின்றான், அது எனக்குத் தெரியும். உங்கள் அண்ணனும் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். அதைச் சித்தப்பாவிடம் யாராவது சொன்னார்களா?

பச்சமலை_வாத்தியார்

அம்மா, நானும் மலையாளிதான், பச்சமலை. பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். காஞ்சிபுரத்தில் இருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் மலைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லும் கதை உனக்கும் தெரிந்திருக்கும். பிரிந்து கிடப்பது நமக்குப் புதிது கிடையாது.

என் அப்பா பலமுறை சாவு சொல்லப் போனவர். ஒரு தடவை பச்சமலையில் இருந்து இறங்கி, துறையூர் வழியாக, கொல்லிமலை ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். போக ஒரு பகல், ஒரு ராத்திரி. போய்ச் சேரும்போது அங்கே அடக்கத்துக்கு வர முடியாது என்று அவருக்கும் தெரியும். இருந்தும் போனார். நான் சிறுவன், எதற்கு என்று கேட்டேன். "அவன் என்னைக் கேட்பான், நான் சொல்லணும்" என்றார். என்ன கேட்பார்கள் என்றால், எத்தனை மணிக்கு, யார் பக்கத்தில் இருந்தார்கள், கடைசியாக என்ன சாப்பிட்டார், யார் பேரையாவது சொன்னாரா, இதெல்லாம்தான். வாசலில் நின்றபடி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் அப்பா தண்ணீர் வாங்கிக் குடிப்பார்.

உன் சித்தப்பாவுக்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. போனில் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நீயும் அண்ணனும் நேரில் போங்கள். வெற்றிலை பாக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புதுப் புடவையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கையால் தொட்டுக் கொடுக்கட்டும், அதைக் கருமாதி அன்று படைக்கலாம். அண்ணன் போட்டது அண்ணன் கோடி. தம்பி கோடி இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொல்லுங்கள். பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

ஜவ்வாது_மகள்

எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு நேற்று ராத்திரிதான் திரும்பினேன். ஐந்து நாள் லீவு போட்டேன்.

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி மைசூரு, அங்கிருந்து ஹுன்சூர், கோணிகொப்பல் வழியாக பஸ், கடைசியில் ஜீப். அண்ணன் வழியெல்லாம் பேசவில்லை. புடவைப் பையை மடியிலேயே வைத்திருந்தான். மெஜந்தா நிறம், அத்தைக்குப் பிடித்தது.

லைன் வீட்டு வாசலில் மிளகு காயப் போட்டிருந்தார்கள். சித்தப்பா ஏணியைச் சாத்திவிட்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார், வா என்று சொல்லவில்லை. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று, "சித்தப்பா, அத்தை போயிடுச்சு" என்றான். ஏதோ அப்போதுதான் நடந்தது மாதிரி சொன்னான். அவ்வளவுதான், சித்தப்பா அந்த மிளகுப் பாய் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை மணிக்கு?" என்றார்.

வாத்தியார் ஐயா, நீங்கள் எழுதிய அதே வரிசையில்தான் கேட்டார். எத்தனை மணிக்கு, யார் முதலில் பார்த்தார்கள், வாய் திறந்திருந்ததா, என்ன சாப்பிட்டது. களியும் கீரையும் என்று அண்ணன் சொன்னான். என்ன கீரை என்றார். அண்ணனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் புதன்கிழமை சாயங்காலம் அத்தை எனக்கு அனுப்பிய கடைசிப் பேச்சில், வேலி ஓரம் முருங்கை தழைத்திருக்கிறது, பறித்துக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தது. முருங்கைக் கீரை என்றேன். அப்போதுதான் சித்தப்பா அழுதார்.

மூன்று தடவை கூப்பிட்டது பற்றியும் சொன்னேன். அண்ணன் போனில் அந்த மூன்று அழைப்பையும் நேரத்தோடு காட்டினேன். சித்தப்பா படிக்கத் தெரிந்தவர், விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த நேரம் ஏணியில் இருந்தேன் என்றார். எதற்கு அதைச் சொன்னாரோ, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேதான் சொன்னார்.

புடவையை வாங்கி நெஞ்சில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். கருமாதிக்கு வருகிறார். மேஸ்திரியிடம் அண்ணன் பேசி நான்கு நாள் விடுப்பு வாங்கியிருக்கிறான்.

சர்வீஸ்கார அண்ணா, என் 41 பேச்சையும் நீங்கள் சொன்னபடி எடுத்துவிட்டேன். அத்தை சிம்முக்கு ரீசார்ஜ் போட்டாயிற்று. சித்தப்பா போனில் இருக்கிற அந்தச் சாமைப் பேச்சையும் எடுத்து வைக்கிறேன் என்று கேட்டேன். போனை என் கையில் தரவில்லை. தானே பிடித்துக்கொண்டு, எங்கே அழுத்துவது என்று கேட்டுக் கேட்டு அனுப்பினார். அனுப்பும்போது யாரும் அதைப் போட்டுக் கேட்கக் கூடாது என்று சொன்னார். நான் இன்னும் கேட்கவில்லை.

பந்தலூர் அக்கா, கிளம்பும்போது குரூப்பில் திரும்பச் சேர்க்கட்டுமா என்று அண்ணன் கேட்டான். வேண்டாம் என்றார். அப்புறம் ஜீப் வரை வந்து, "ரைட்டர் நம்பர் எழுதிக்கோ, அவர் வீடு மேட்டுல இருக்கு, சிக்னல் உண்டு, கூப்பிட்டா வந்து சொல்லுவார்" என்றார். நான் போனை எடுத்தேன். "பேப்பர்ல எழுது" என்றார். டிக்கெட் பின்னால் எழுதிக்கொண்டேன். நாளைக்கு ஒரு நோட்டு வாங்கி அதில் முதல் நம்பராக இதை ஏற்ற வேண்டும்.